வாப்பாவின் கை

“இன்னும் எத்தன வாட்டிதான் கையக் கழுவுவீங்க? புள்ள அழுவுது பாருங்க!”

பக்கத்து இன்குபேட்டர் பெட்டிக் குழந்தையின் தாய் சாயிமா அதட்டினாள். பபேடான் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவள். வாய்க்குச் சொல்லவா வேண்டும்!

ரிஹான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள், குறைமாதத்தில் பிறந்த அவன் மகன் வீறிட்டுக்கொண்டிருந்தான். நீட்டிய கையை ரிஹான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“வேணாங்க. என் கை பட்டா ஒடிஞ்சி போயிருவான். நாளைக்குத் தொட்டுக்கறேன்.”

“பெத்த வாப்பா தொடாம வேற யாரு தொடுவா? மேல போயி பர்வீன்கிட்ட என்னன்னு சொல்லுவீங்க?”

ஆபரேஷன் ஆகி மாடியில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாள் மனைவி பர்வீன். ‘புள்ளையத் தொட்டுப் பாத்துட்டு வந்து எப்படி இருக்கான்னு சொல்லுங்க. தொடாம என் முகத்துல முழிக்காதீங்க’ என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். பொய்யும் சொல்ல முடியாது. அவளிடம் அவன் சொன்ன பொய் எதுதான் பலித்திருக்கிறது?

அதற்குள் வார்டு நர்ஸுகள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். முகக்கவசத்துக்குள் சிரிப்பு. “யாபாதே, யாபாதே” என்றாள் ஒருத்தி பர்மிய மொழியில், பரவாயில்லை என்று.

“பாருங்க, சிரிக்கிறாங்க” என்றான் ரிஹான் பாவமாக.

“சிரிக்கத்தான் செய்வாங்க. நீங்க பிஸ்மி சொல்லிட்டுக் கைய வையுங்க. அமுக்க வேணாம், உருவ வேணாம். ஒரு கை தலைக்கு, ஒரு கை இடுப்புக்கு. மூச்சு ஏறி எறங்குறத மட்டும் கவனிங்க. கையாலயே தொட்டுக் கொணப்படுத்துற ஆஸ்டியோபதி வைத்தியங்கிறதே இதுதானே! எம்மக இதுலதான் அழுகைய விட்டுட்டுப் பாலு குடிக்கப் பழகுனா.”

ரிஹான் கண்ணை மூடிக்கொண்டான். கைகள் பெட்டிக்குள் போயின. தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. பூனைக்குட்டியைத் தொட்டதுபோல் கதகதப்பாக இருந்தது. முதுகு ஏறியது, இறங்கியது. அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி, மகன் அவன் கைக்குள்ளேயே தூங்கிப்போனான்.

ரிஹானுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதான்.

“தூங்கிட்டான்! எம்புள்ள எங்கையில தூங்கிட்டான்! இந்த உதவிய மறக்கவே மாட்டேம்மா. நீங்க மட்டும் சொல்லித் தரலேன்னா…”

“நான் எங்க சொல்லித் தந்தேன்?” சாயிமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “எம்மகளத் தொடப் பயந்து நான் நின்னப்ப நீங்க சொன்னதத்தானே, ஒரு எழுத்து மாறாம உங்களுக்கே திருப்பிச் சொன்னேன், எங்க ஆஸ்டியோபதி டாக்டரே!”