பார்லி வயலில் கிடந்தவன்

"சாப்பிட்டுக்கொண்டு சொல்லன் தம்பி. அந்தப் பெடியனை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

தவமணிதேவி தம்பியின் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தாள். முதலில் வைத்ததையே இளங்குமரன் தொடவில்லை.

தொண்ணூற்றொன்பது ஜூலை. டென்மார்க்கில் ஒரு சின்னக் கிராமத்து மியூசியத்தில் பழைய எலும்புகளை ஆராய்கிறவன் அவன். லீவில் அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அன்றுதான் வந்திருந்தான்.

"ஒருத்தன்ர பார்லி வயல் அக்கா. உழுதுகொண்டு போகேக்க மெஷினில மண்டையோடு தட்டுப்பட்டது. அந்த ஊரில எங்க தோண்டினாலும் பழசுதான். சேர்ச்சுக்குப் பின்னால, ஸ்கூல் கிரவுண்டுக்குக் கீழ, எல்லா இடமும் ஆக்கள் கிடக்கினம்."

"எவ்வளவு பழசு?"

"ரெண்டாயிரம் வருஷம்." அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கணவர், டாக்டர் மகேந்திரராசா, காபிக் கப்போடு வந்து உட்கார்ந்தார். மைத்துனனின் வேலையைப் பற்றிக் கேட்பதென்றால் அவருக்கு நல்ல விருப்பம்.

"என்ன வயசு வரும் குமரன்?"

"காலர்போன்ர முனை இன்னும் ஒட்டேல்ல அத்தான்."

"அப்ப பதினெட்டு, பத்தொன்பது. சரியோ?" டாக்டர் பரீட்சையில் பாஸானவர் மாதிரிச் சிரித்தார். "சாவு எப்பிடி?"

"பின்னந்தலையில."

தவமணிதேவியின் கை நின்றது. "கஷ்டப்பட்டிருப்பானோ?"

"இல்லை அக்கா. உடன போயிருக்கும். சத்தியமா." அவசரமாகச் சொன்னான்.

"ஆர் பெத்த பிள்ளையோ... தாய் எங்கயெல்லாம் தேடித் திரிஞ்சாளோ." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அவனை என்ன செய்து வைச்சிருக்கினம்?"

"மியூசியத்தில ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ஊர்ப் பிள்ளையள் வந்து பூ வைக்குதுகள்."

"அதெண்டாலும் கிடைச்சுதே. ஏன்ரா கொண்டவங்கள்? ஓடப் பார்த்தவனோ?"

"எப்பிடி அக்கா ஓடுறது? கை ரெண்டையும் பின்னால கட்டியெல்லே இருந்தது."

"எதால?"

"நைலோன் கயித்தால."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது இளங்குமரனுக்கே கேட்டது. டாக்டரின் கப் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

தவமணிதேவி தம்பியின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி நைலோன் ஏதடா? நீ டென்மார்க்கில இருந்து வரேல்ல. யாழ்ப்பாணத்தில புதைகுழி தோண்டுறாங்களெண்டு பேப்பரில கிடந்தது. அங்கதானே போட்டு வாறாய்?"

அவன் இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்தான்.

தாங்கள் வெளிக்கிட்டபோது, சோதனை எழுதிப்போட்டு வாறன் என்று யாழ்ப்பாணத்திலேயே நின்று, மூன்று வருடமாகக் காணாமல் போயிருந்த மகனின் பெயரைச் சொல்லி அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என்ர அபிராமோ?"