ஓணான் ஊதிய விசில்

காட்டுக் கால்பந்து இறுதியாட்டத்தில் எருமை சறுக்கிக்கொண்டே வந்து முயலின் காலை முறித்துவிட்டது. நடுவர் ஓணான் ஓடிவந்தது.

"பந்தைத்தான் உதைக்க வந்தேன் சார்," என்றது எருமை.

"பந்து அந்தக் கோடியில கிடக்குது சார்!" என்று கதறியது முயல்.

நடுவரிடம் குரலை உயர்த்தியதற்காக முயலுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. எருமைக்கு, "பார்த்து ஆடுங்கண்ணே," என்ற அறிவுரை மட்டும்.

அடுத்து எருமை கோலை நோக்கிப் பாய்ந்தது. கோல்கீப்பர் ஆமை பயந்துபோய்த் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அந்த ஓட்டில் இடறிய எருமை குப்புற விழுந்து கொம்பை உடைத்துக்கொண்டது.

ஓணான் விசிலை ஊதி, ஆமைக்குச் சிவப்பு அட்டை காட்டியது.

"நான் அசையவே இல்லையே சார்!" என்றது ஆமை.

"அதுதான் தப்பு. அண்ணன் வரும்போது அசைஞ்சிருக்கணும்," என்றது ஓணான்.