நார்மனின் தக்கை

விகன் நகரக் கால்வாயில் நாலு ஞாயிற்றுக்கிழமைகளாகத் தூண்டில் பழகிக்கொண்டிருந்த நார்மனின் தக்கை அன்றைக்குத்தான் முதல்முறையாக மூழ்கியது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இழுய்யா," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த மனைவி ஹில்டா.

"வேண்டாம் ஹில்டா. வீட்டுக்குப் போயிடலாம்."

"மீனைத் தொட இவ்வளவு பயமா? கல்யாணத்தன்னைக்கு என் கையையும் இப்படி நடுங்கிக்கிட்டேதான் பிடிச்சே."

கழி வில்லாக வளைந்தது. தூண்டில் நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாலத்தடி இருட்டுக்குள் ஓடியது. நார்மனின் பூட்ஸ் சேற்றில் ஒரு முழம் வழுக்கியது.

"பெரிய விலாங்கா இருக்கும். விட்டுடாதே."

"விலாங்கா இருந்தாப் பரவாயில்லையே."

"பின்ன எதுக்குய்யா நடுங்கறே?"

"திட்டாதே. மீனைத் தொடவேண்டி வந்துடுமேன்னு நாலு வாரமா உன்னை ஏமாத்திட்டிருந்தேன்."

"என்ன ஏமாத்தினே?"

"தூண்டில்ல முள்ளே கட்டலை ஹில்டா. புழுவும் வைக்கலை. வெறும் நரம்பும் தக்கையும்தான்."

ஹில்டா சிரிக்க வாயெடுத்தாள். அதற்குள் நரம்பு ஓட்டத்தை நிறுத்தியது. பிறகு, கதவைத் தட்டிக் கூப்பிடுவதுபோல, மெதுவாக மூன்று தரம் இழுத்தது.

ஹில்டா தண்ணீரோரம் நீட்டியிருந்த கால்களைச் சத்தமில்லாமல் மேலே இழுத்துக்கொண்டாள்.