மூன்றாவது பட்டை

"காரு நல்லாத் தாழணும். ஸ்பிரிங்குல ரெண்டு பட்டையை உருவிரு," என்றார் எரியோடு நல்லுசாமி.

மெக்கானிக் சங்கிலிக்கு மனசு கேட்கவில்லை. "உங்க மாமனார் ஊர் ஓடையில அடி தட்டுமேண்ணே."

"ஓடையைத் தாண்டாதா?"

"தாண்டவே தாண்டாது."

"அப்ப மூணாவது பட்டையையும் உருவிரு."

காரைத் தாழ்த்தி ஓட்டும் பட்டணத்து மோஸ்தர் இவரையும் பிடித்துவிட்டது என்று சங்கிலி சிரித்துக்கொண்டான். நல்லுசாமி சீட்டியடித்தபடி ஓட்டிப் போனார்.

மறுவாரமே கார் திரும்பி வந்தது.

"எல்லாப் பட்டையையும் திரும்ப மாட்டிரு, சங்கிலி."

"ஓடையில தட்டிருச்சாண்ணே?"

"ஓடைப் பக்கமே போகல. வாராவாரம் மாமனார் வீட்டுக்குப் போறதுக்குப் பயந்துதான் தாழ்த்தினேன். காரு வராதுன்னு கேள்விப்பட்டு, அவுக அம்புட்டுப் பேரும் மாட்டுவண்டி கட்டி எங்க வீட்டுக்கே வந்துட்டாக."

"வந்த வண்டியிலயே அனுப்பிரலாமே?"

"இறங்குனதுமே வண்டியைத் திருப்பி அனுப்பிட்டாக."