கைப்பக்குவம்

கத்தியைக் கையில் எடுத்த டீச்சர் ஒரு நொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு கத்தியைத் திருப்பி, கேக்கின் நடுவில் பூத்திருந்த கிரீம் ரோஜாவை அதன் தட்டைப் பக்கத்தால் ஒரே அமுக்காக அமுக்கினாள்.

"ஐயையோ, என்ன பண்றே? குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தேன்!" என்று பதறினான் கணவன்.

"இவ்வளவு அழகா இருந்தா உங்க தங்கச்சி நம்புவாளா? அந்த ஓரத்தை நீங்க கொஞ்சம் கீறி விடுங்க. ரொம்ப வேண்டாம். பார்த்தா நான் செஞ்ச மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்."

வம்பை ஆரம்பித்து வைத்தவள் நாத்தனார்தான். அப்பாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு யாரும் கடையில் எதையும் வாங்கக் கூடாது, எல்லாம் அவரவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே சட்டம் போட்டுவிட்டாள். அவளுக்கென்ன, தையல்காரி. ஒட்டுத்துணிகளை வைத்து ஒரு மெத்தை விரிப்பே தைத்து முடித்துவிட்டாள். கணவன் படம் மாட்ட ஒரு மரச்சட்டம் செய்தான். நான்கு மூலைகளில் மூன்று சேர்ந்திருந்தன. "கேக் என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் டீச்சர்.

கணக்கு டீச்சர் அல்லவா? மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாவற்றையும் கிராம் சுத்தமாக அளந்துதான் போட்டாள். அப்படியும், நேற்று மாலை ஓவனிலிருந்து வெளியே வந்த கேக்கின் நடுவில் ஒரு கிண்ணத்தையே உட்கார வைக்கலாம் போலப் பள்ளம். ஆதாரத்தை அழிக்கப் புருஷனும் பெண்டாட்டியும் நின்ற நிலையிலேயே அதைத் தின்று தீர்த்தார்கள். பிறகு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு தெரு தள்ளியிருந்த பேக்கரிக்குக் கிசுகிசுப்பாக போன் செய்தாள்.

"கேக் மேல பேர் எழுதணுமா மேடம்?" என்று கேட்டார் கடைக்கார அம்மா.

"வேண்டாம், வேண்டாம்! ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம்!"

நாத்தனாரைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். மாமனாரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காபியில் ஆரம்பித்து, காலண்டர் மாட்டிய ஆணிவரை அவர் குறை கண்டுபிடிக்காத பொருள் அந்த வீட்டில் இல்லை. மூன்று மாதமாக விடிவதற்கு முன்பே நடைப்பயிற்சி என்று கிளம்பிவிடுகிறார். அந்த மூன்று மணி நேரம்தான் வீட்டுக்கு நிம்மதி. திரும்பி வந்தால் அதிலும் ஒரு புகார். "தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அந்தத் தைலத்தை எடும்மா" என்பார்.

மாலையில் கூடம் முழுக்கப் பலூன். நாத்தனார் வந்ததும் வராததுமாகக் கேக்கிடம் போய்க் குனிந்து மூச்சை இழுத்தாள்.

"அண்ணி, நிஜமாவே நீங்க செஞ்சதுதானா? கடை வாசனை அடிக்குதே!"

"ஏன், வாசனையைக் கடைக்காரங்க மொத்தமா குத்தகைக்கு எடுத்துட்டாங்களா?"

மாமனார் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நசுங்கிய ரோஜாவிடம் வந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"யாரும்மா செஞ்சது இதை?"

"நா... நான்தான் மாமா."

"முட்டையை எவ்வளவு நேரம் அடிச்சே?"

கணவன் சட்டென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினான். "பத்து நிமிஷம் மாமா" என்றாள் டீச்சர்.

"கையாலயா?"

"கையாலதான்."

"பத்தே நிமிஷத்துல இவ்வளவு மெத்துனு வந்துடுச்சா?"

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். மாமனார் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். விடைத்தாளைத் திருத்தும்போது பிள்ளைகள் ஏன் அப்படி மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள் என்று டீச்சருக்கு அன்றுதான் புரிந்தது.

மாமனார் தட்டை நீட்டினார். "இன்னொரு துண்டு வை. நல்ல கைப்பக்குவம். ஒரு குறை சொல்ல முடியாது."

"அப்பா!" நாத்தனார் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். "நான் தைச்சதுல மட்டும் ஓரம் கோணலா இருக்குன்னீங்க?"

"கோணலா இருந்துச்சு. சொன்னேன்."

கணவன் டீச்சரைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் கட்டை விரலை உயர்த்தினான். அவளுக்கோ நெஞ்சில் முள் குத்தியது. கல்யாணமாகி எட்டு வருடத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதுவும் யாரோ முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போக வேண்டியது.

அவர் கை கழுவச் சமையலறைக்குப் போனபோது பின்னாலேயே போனாள்.

"மாமா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் கேக்கு..."

"தெரியும்" என்றார் அவர், திரும்பாமலேயே.

மாமனார் குழாயை மூடினார். கூடத்தை எட்டிப் பார்த்து, யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உன் விஷயம் என்னோட போகட்டும், யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். பதிலுக்கு நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க மாமா!"

"நாளைக்கு அந்த பேக்கரி அம்மாவுக்கு போன் போட்டு, கேக் பிரமாதம்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அங்க என்னை இன்னும் டிரெயினியாவே வச்சிருக்காங்க!"