ஐஸ் ஆலையின் பெரிய சுவிட்ச்

ஜப்பான்காரன் ஆட்சியில் காஜா பெராங் ஊர் ஐஸ் ஆலையில் முகைதீன் ஒயர்மேனாக இருந்தார். பெரிய மோட்டாருக்குப் புது ஒயர் மாட்டி, சுவிட்சைக் கீழே இறக்கி லைனை நிறுத்திவிட்டுத் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். ஐஸ் கேட்டு ஜப்பான் அதிகாரி வாசலில் கத்தினான். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஷரீஃபுதீன் பயந்துபோய்ச் சுவிட்சை மேலே தூக்கிவிட்டார். முகைதீன் அங்கேயே இறந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தச் சுவிட்ச் மேலே ஏறவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. உள்ளே எதுவும் சிக்கியிருக்கவில்லை. கைப்பிடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதிகாரி ஷரீஃபுதீனை அறைந்தான்.

அவர் முகைதீனின் மனைவியைத் தேடி வீட்டுக்கு ஓடினார். "ஹஸீனா, நீ வந்து சொன்னா முகைதீன் சுவிட்சை விட்டுருவான்மா. இல்லன்னா என்னைக் கொன்னுருவானுங்க."

"அன்னைக்கு அவுங்க கை மோட்டாருக்குள்ள இருந்தது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

கணவனை இழந்து இத்தா இருக்கும் பெண் வெளியே வரக் கூடாது. ஹஸீனா வந்தாள். எல்லோரும் விலகி நின்றார்கள். கைப்பிடியில் கை வைத்தாள். அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்த சூடு.

"விட்டுறாதீங்க" என்றாள்.

அடிவரை இறங்கியிருந்த கைப்பிடிக்கு அதற்குக் கீழே போக இடமே இல்லை. ஆனாலும் அது இன்னும் ஒரு விரலளவு கீழே இறங்கியது.