பூஜ்யம் காட்டிய கேமரா

மூன்றாவது தடவையும் திரையில் பூஜ்யம்தான் வந்தது.

“கேமராவுலதான் ஏதோ கோளாறுங்க மேடம்,” என்றான் தணிகைமணி. மைக்ராஸ்கோப்பின் தலையில் மாட்டியிருந்த கேமராவைக் கழற்றி, அதன் கண்ணாடியைத் துணியால் துடைத்து, திரும்பப் பொருத்தினான்.

ஹேமாவதிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குழந்தைப்பேறு மையத்தின் லேப் பதினெட்டு வருஷமாக அவள் பொறுப்பில் இருக்கிறது. இத்தனை நாளும் விந்தணுக்களை அவள்தான் கண்ணால் பார்த்து எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இனிமேல் கேமரா வீடியோ எடுக்கும், கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லும். அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுக்கத்தான் சென்னைக் கம்பெனி இவனை அனுப்பியிருந்தது.

காலை ஏழரைக்கு அவள் வருவதற்குள் வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லி, ஒயரெல்லாம் இழுத்து முடித்திருந்தான். சோதித்துப் பார்க்க ஒரு சேம்பிளும் தயாராக மேஜைமேல் இருந்தது. போன வருஷம் ரத்தப் பரிசோதனை மிஷின் போட வந்தவர்களும் இப்படித்தான் கையோடு கொண்டு வந்தார்கள். சேம்பிள் கொடுக்க வருபவர்களுக்கான கடைசி அறையில் மட்டும், ஆளே இல்லாமல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்து, அவள் தன் வேலையைத் தொடங்கினாள்.

இப்போது மணி ஒன்பதரை. அவன் வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். நொடிக்கு முப்பது படம் என்று இருந்ததை அறுபதாக்கினான். அளவுக்கோடு போட்ட கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தான், கோடுகள் கூர்மையாகத் தெரிந்தன. சேம்பிளை வைத்தால் மட்டும் திரை வெறும் சாம்பல் நிறமாக இருந்தது.

அவனுடைய போன் அடித்தது.

“சொல்லு கயலு. இன்னும் பாதிதான் ஏறினியா? அவசரமில்ல, நெழல்ல உக்காந்து உக்காந்து ஏறு. ஆங், நான் சாப்ட்டேன்.”

அவன் எதுவும் சாப்பிடவில்லை என்பது ஹேமாவதிக்குத் தெரியும்.

“வீட்டுக்காரம்மாவா தம்பி?”

“ஆங். இன்னிக்குக் கிருத்திகைங்களே. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வெச்சு, சூடம் ஏத்திகினு மலைக்குப் போறா. பள்ளிப்பட்டுல இருந்து மாசம் தவறாம வந்துடுவா.”

“நீங்களும் கூடப் போயிருக்கலாமே.”

“இந்த வேலை இருக்குதுங்களே.” அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாவணும்.”

“கம்பெனியில ரொம்ப நெருக்குறாங்களா?”

போட்ட சாஃப்ட்வேரை அழித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஏற்றத் தொடங்கினான். வேலை போய்விடும் என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சின்ன வயசு, பொழப்பைப் பார்க்க வேண்டாமா.

பத்தேகாலுக்குக் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். அவர் சேம்பிளில் ஒரு சொட்டு எடுத்து ஹேமாவதியே வைத்தாள். மறு நிமிஷம் திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் நெளிந்து ஓடின. மில்லிக்கு ஐந்தரைக் கோடி என்று கம்ப்யூட்டர் சொன்னது. அவள் கையால் எண்ணிப் பார்த்தாள். ஏறக்குறைய அதேதான் வந்தது.

“வேலை செய்யுது பாருங்க,” என்றாள் சந்தோஷமாக.

அவன் சிரிக்கவில்லை. அவசரமாக அந்த ஸ்லைடை எடுத்துவிட்டு, பழைய சேம்பிளில் புதுசாக ஒரு சொட்டு வைத்தான்.

பூஜ்யம்.

“மேடம், இதையும் ஒருவாட்டி நீங்களே கண்ணால பாத்துடுங்க.”

ஹேமாவதி குனிந்து பார்த்தாள். ஸ்லைடை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நகர்த்தினாள். இன்னும் இரண்டு சொட்டு எடுத்துப் பார்த்தாள். மிச்சத்தைச் சுற்றும் மிஷினில் கால்மணி நேரம் போட்டு, அடியில் படிந்ததையும் எடுத்துத் தேடினாள். அதுவரை அவன் அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

“ஒண்ணுகூட இல்ல தம்பி,” என்று நிமிர்ந்தாள். “கேமராவும் சரி, சாஃப்ட்வேரும் சரி. இல்லாததை இல்லன்னுதான் காட்டியிருக்குது. இதுக்குப் போய் காலையில இருந்து கஷ்டப்பட்டுகினு இருந்தீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வேணும்னா கம்பெனிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்.”

தணிகைமணி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தான். மேஜைமேல் போன் அடித்தது. கயல்விழி மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது. அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை நல்லபடியாக முடிந்தும் இந்தப் பிள்ளை ஏன் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. ரிஜிஸ்டரைப் பிரித்தாள்.

“இங்க பாக்குற எல்லா சேம்பிளையும் இதுல ஏத்தணும். கம்பெனி குடுத்ததுன்னு எழுதிக்கட்டுமா?”

“கம்பெனியில எதுவும் குடுத்தனுப்பலைங்க மேடம்,” என்றான். “என் பேரை எழுதிக்கோங்க.”